சினிமா டைட்டில் செய்த கை ஆப் செய்யுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: விஸ்காம் முடித்து நான்கு வருடமாகக் குறும்படங்களுக்கும் இரண்டு சினிமாக்களுக்கும் டைட்டில், மோஷன் கிராஃபிக்ஸ் செய்திருக்கிறீர்கள். இப்போது ஆப்களுக்கு இடைமுகம், அதாவது பயனாளி பார்த்துத் தொட்டு வேலை செய்யும் திரைகள், வடிவமைக்கவும் ஆசை. இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா, இல்லை ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமா? கூடவே நீங்கள் செய்து பார்த்த ஒரு பேருந்து டிக்கெட் ஆப்பின் மாதிரியையும் இணைத்திருக்கிறீர்கள். திறந்ததும் ஒரு பேருந்து இடமிருந்து வலமாக ஓடி வந்து, நின்று, கதவு திறந்து, அப்புறம்தான் முதல் பக்கம் வருகிறது. நான்கு வினாடி. கேள்வியில் புரியாதது அந்த நான்கு வினாடியில் எனக்குப் புரிந்தது. சினிமாவில் போட்ட நான்கு வருட உழைப்பு இந்தப் பக்கம் செல்லுபடியாகுமா என்பதுதான் உங்கள் கவலை. பாதி செல்லும். மீதிப் பாதி செல்லாது என்பதோடு நிற்காது, காலையும் வாரிவிடும். எது எந்தப் பாதி என்று பிரித்துக்கொள்வதில்தான் வேலை இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. 16 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஏழு வருடம் சென்னை சாலிகிராமத்தில், படங்களுக்கு டைட்டிலும் படத்துக்குள்ளே வரும் கம்ப்யூட்டர், போன் திரைகளும் செய்தேன். அதற்கப்புறம் பெரும்பாலும் இடைமுக வடிவமைப்பு. பில்லிங், மருத்துவமனை, வங்கிப் படிவம் மாதிரியான, யாரும் விருது கொடுக்காத வேலைகள். வருடத்துக்கு ஒன்றிரண்டு படங்களுக்கு இப்போதும் செய்கிறேன். வீடியோ கேம், கார் டேஷ்போர்டு இரண்டையும் நான் தொட்டதில்லை. அந்தப் பக்கம் போக நினைத்தால் என் பேச்சை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் இருக்கிறார்களா என்பதற்குத் தயக்கமே இல்லாத பதில் உண்டு. மியூரியல் கூப்பர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துடைய எம்ஐடி பிரஸ் பதிப்பகத்தின் ஏழு கோடுகள் கொண்ட சின்னம் அவர் போட்டது. 1969இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியைப் பற்றிய ஒரு தலையணை சைஸ் புத்தகத்தை வடிவமைத்தவர், அதோடு விடாமல் அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, புத்தகத்தையே ஒரு சினிமாவாக ஓட்டிப் பார்த்தார். அச்சில் அசையாமல் கிடக்கும் பக்கத்தை அசைத்தால் என்ன ஆகும் என்ற ஆசை. அதே ஆசைதான் அவரை எம்ஐடியின் மீடியா லேப் என்ற ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனது. 1994இல் அவரும் மாணவர்களும் காட்டிய வேலையில் எழுத்துகள் ஆழமான ஒரு வெளியில் தொங்கின. பார்ப்பவர் கேமரா மாதிரி அவற்றுக்குள்ளே பறந்து போகலாம். அதே வருடம் அவர் காலமானார். இன்று ஒரு வரைபடத்தை விரலால் விரித்து உள்ளே உள்ளே போகிறோமே, அதற்கு முன்னோடியாக எண்ணத்தக்க வேலைகளில் ஒன்று அது. அவர் சினிமாக்காரரா, இடைமுகக்காரரா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்?

எதிர்த் திசையில் வந்தவர் ஜான் அண்டர்காஃப்ளர். 2002இல் வந்த ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ படத்தில் நாயகன் கையுறை மாட்டிக்கொண்டு காற்றில் கையை வீசி வீடியோக்களைத் தள்ளுவாரே, அந்தச் சைகை மொழியை அமைத்தவர். படத்தைப் பார்த்து விஞ்ஞானிகள் அப்படிச் செய்ய ஆரம்பித்தார்கள் என்று பலர் சொல்வது பாதிதான் சரி. அண்டர்காஃப்ளர் அதற்கு முன்பே மீடியா லேபில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். படத்தின் தயாரிப்பு வடிவமைப்பாளர் அலெக்ஸ் மெக்டவல் அங்கே போய் அவரைக் கண்டுபிடித்தார். ஆய்வுக்கூடத்தில் இருந்தது சினிமாவுக்குப் போனது. அங்கே அழகானதை நிஜமான ஒரு பொருளாகச் செய்ய அவர் 2006இல் கம்பெனி தொடங்கினார். ஆனால் நம் மேசையில் இன்னும் மவுஸ்தான் இருக்கிறது. காரணம் சின்னது. தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கிப் பத்து நிமிடம் வேலை செய்து பாருங்கள். இதற்குத் துறையில் ‘கொரில்லா கை’ என்றே பெயர் இருக்கிறது. அப்படியானால் படத்தில் ஏன் அப்படி வைத்தார்கள்? நாயகன் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தால் தியேட்டரின் கடைசி வரிசைக்காரனுக்கு என்ன தெரியும்? கையை வீசினால் தெரியும். அந்த இடைமுகத்தின் உண்மையான பயனாளி நாயகன் இல்லை, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன். படத்துக்குள் வரும் ஒவ்வொரு திரைக்கும் இது பொருந்தும்.

இன்னொரு உதாரணம், எனக்கு ரொம்பப் பிடித்தது. 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்கு மைக்கேல் ஒகுடா செய்த கட்டுப்பாட்டுப் பலகைகள். பட்டன், சுவிட்ச் எதுவும் இல்லாத வழவழப்பான கறுப்புப் பரப்பு, வட்ட முனையுள்ள வண்ணப் பட்டைகள். தொடுதிரை வரப்போவதை அன்றே கண்டுபிடித்துவிட்டார் என்று இப்போது புகழ்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது அக்ரிலிக் பலகைக்குப் பின்னால் அச்சடித்த பிலிமை வைத்து, அதன் பின்னால் விளக்குப் போட்டது. நூற்றுக்கணக்கில் நிஜ சுவிட்ச் வாங்கி ஒட்டப் பட்ஜெட் இல்லை, தட்டையாகச் செய்தால் மலிவு. கலை இயக்குநர் கணக்குப் பார்த்ததில் எதிர்காலம் பிறந்தது. நம் ஊர் செட்டில் தெர்மாகோலில் கோயில் தூண் நிற்கவைத்த ஆர்ட் டைரக்டர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இப்போது என் அனுபவத்துக்கு வருகிறேன். படத்துக்குள் வரும் போன் திரையை எப்படிச் செய்கிறோம்? நாயகிக்கு ஒரு மெசேஜ் வருகிறது, அவள் பதில் அடிக்கிறாள் என்று காட்சி. நிஜ வாட்ஸ்அப்பில் எடுத்தால் நடிகை தப்பாக அடிப்பார், ஆட்டோகரெக்ட் வேறு எதையாவது போடும், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். அதனால் நான் ஒரு பொய் ஆப் செய்து கொடுப்பேன். அவர் எந்த எழுத்தை அமுக்கினாலும் திரையில் வசனத்தின் அடுத்த எழுத்துதான் விழும். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் சரியாக வரும். ரீ-டேக் என்றால் திரையின் மூலையை மூன்று முறை தட்டினால் போதும், பழைய இடத்துக்கே வந்து நிற்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது ஒளி துடிக்காமலிருக்க கேமராமேன் ஷட்டரை 172.8 டிகிரிக்கு வைப்பார். வினாடிக்கு 24 பிரேம் ஓடும் சினிமாவில் அது வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோடு ஒத்துப்போகும். போன் திரையின் துடிப்பு வேறு, அதற்குத் தனியாக ஒரு டெஸ்ட் ஷாட். இவ்வளவும் செய்தபின் போன் திரையை மட்டும் காட்டும் அந்த இன்செர்ட் ஷாட் படத்தில் இரண்டு வினாடி வரும், அதாவது 48 பிரேம். அதற்குள் பார்வையாளர் படித்து, புரிந்து, அதிர்ச்சியடைய வேண்டும். அதனால் எழுத்தை நிஜத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக்குவேன். பேட்டரி, நேரம், மற்றவர்களின் மெசேஜ்கள் எல்லாம் மங்கிவிடும். கண் எங்கே விழ வேண்டுமோ அங்கே மட்டும் வெளிச்சம்.

இதில் நான் பழகியது என்ன என்று யோசித்துப் பாருங்கள். பயனாளி தப்பே செய்ய முடியாத திரை. ஒரே ஒரு வழி. நேரம் முழுக்க என் கையில். ஏழு வருடம் இப்படி வேலை செய்துவிட்டு, மதுரைப் பக்கம் மருந்துக் கடைகளுக்கு ஒரு பில்லிங் ஆப் செய்யப் போனேன். பணம் வந்ததும் பச்சை வட்டம் சுழன்று, அதற்குள் டிக் வரைந்துகொண்டு, மெல்ல மேலே எழும்பிக் கரையும் ஓர் அனிமேஷன் போட்டேன். இரண்டரை வினாடி. அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கடையில் போட்டபின் ஒரு நாள் சும்மா போய் நின்று பார்த்தேன். கவுண்டரில் இருந்த அக்கா அந்த டிக் வரும்போதெல்லாம் திரையை டப் டப் என்று நாலைந்து தடவை தட்டிக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன். “சார், இந்த டிக்கு வர்றது பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி ஆள் நிக்குதே?” என்றார். ஒரு நாளைக்கு அவர் கிட்டத்தட்ட 300 பில் போடுகிறார். 300 தடவை இரண்டரை வினாடி என்றால் 750 வினாடி, பன்னிரண்டரை நிமிடம். தினமும் பன்னிரண்டரை நிமிடம் அந்த அக்காவை நான் நிற்கவைத்து என் டைட்டில் கார்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். இது போதாதென்று, அவர் தட்டிய தட்டில் ஒன்று அடுத்த பக்கத்தின் பட்டனில் விழுந்து, சில பில்கள் இரண்டு முறை அச்சாகின. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அனிமேஷனை கால் வினாடிக்குக் குறைத்தேன். அதைவிட முக்கியமாக, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பில்லைத் தொடங்க விட்டேன். யாரும் கைதட்டவில்லை. அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டார்.

சினிமாவில் பார்ப்பவரின் நேரம் நம்முடையது. இருட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டோம். இடைமுகத்தில் நேரம் அவருடையது. நாம் அவர் கடைக்குள் நிற்கிறோம், ஓரமாக நிற்க வேண்டும். உங்கள் நான்கு வினாடிப் பேருந்தில் தெரிவதும் இந்தச் சிக்கல்தான். இது உங்கள் குறையில்லை, பயிற்சியின் பழக்கம். டைட்டில் டிசைனராக இருந்து வரும் எல்லோருக்கும் இது இருக்கும் என்று தைரியமாகச் சொல்வேன்.

செல்லுபடியாகும் பாதிக்கு வருவோம், அது சின்னதில்லை. முதலாவது, பிரேம் கணக்கு. எடிட்டிங் டேபிளில் “ரெண்டு பிரேம் தூக்கு” என்று சொல்லிப் பழகிய கண் லேசில் கிடைக்காது. 24 பிரேமில் ஒரு பிரேம் ஏறக்குறைய 42 மில்லிசெகண்ட். சாதாரண போன் திரை வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது, ஒரு தடவைக்கு சுமார் 16.7 மில்லிசெகண்ட். இடைமுகத்தில் ஒரு பக்கம் திறந்து மூடும் அசைவுகள் பெரும்பாலும் 200 முதல் 300 மில்லிசெகண்டுக்குள் இருக்கும். உங்கள் கணக்கில் ஐந்து முதல் ஏழு பிரேம். இதை ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் எண்ணாகப் பார்ப்பார், உங்களுக்கு அது உடம்பில் தெரியும். இடைமுகங்களின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993இல் தொகுத்த மூன்று எல்லைகள் இன்றும் நிற்கின்றன: 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் ‘நானே செய்தேன்’ என்று தோன்றும், 1 வினாடிக்குள் வந்தால் எண்ண ஓட்டம் அறுபடாது, 10 வினாடியைத் தாண்டினால் ஆள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். நல்ல எடிட்டருக்கு இந்த மூன்றும் ஏற்கெனவே தெரியும், எண்ணாகத்தான் தெரியாது.

இரண்டாவது, அசைவுக்கு அர்த்தம் கொடுப்பது. டிஸ்னியின் பழைய அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஒல்லி ஜான்ஸ்டனும் 1981இல் அனிமேஷனின் 12 கொள்கைகளை எழுதிவைத்தார்கள். மெல்லத் தொடங்கி மெல்ல நிற்பது, கிளம்புமுன் சற்றுப் பின்வாங்குவது என்றெல்லாம். 1993இல் பே-வெய் சாங், டேவிட் அங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கார்ட்டூன் வித்தைகளை எடுத்துக் கணினித் திரைக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜன்னல் ஒன்று திடீரென்று மறைந்தால் எங்கே போனது என்று பயனாளி தேடுகிறார். சுருங்கி ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்தால் தேட வேண்டியதில்லை. இது அலங்காரம் கிடையாது, கண்டினியூட்டி. முன் ஷாட்டில் வலதுபக்கம் வெளியேறியவர் அடுத்த ஷாட்டில் இடதுபக்கத்திலிருந்து வர வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான். வலமிருந்து வந்த பக்கம் ‘பின்செல்’ அமுக்கினால் வலப்பக்கமே போக வேண்டும். கீழே போனால் ஆள் குழம்புவார், ஏன் குழம்பினோம் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

மூன்றாவது, கருவி. மோஷன் கிராஃபிக்ஸ் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் தெரிந்தவருக்கு இந்தப் பக்கம் வரக் கட்டியிருக்கும் பாலம் லாட்டி. 2017இல் ஏர்பிஎன்பி வெளியிட்டது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த அசைவை வீடியோவாக மாற்றாமல், வடிவங்களும் எண்களுமாகவே போனுக்கு அனுப்பும். ஒரு சின்ன அசைவு சில கிலோபைட்டில் முடிந்துவிடும், எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காது. எல்லா எஃபெக்ட்டும் அதில் வராது. ப்ளர், பார்ட்டிக்கிள் என்று அடுக்கினால் கைவிட்டுவிடும், கோடும் வடிவமும் நிறமும் போதும் என்று செய்தால் நன்றாக வேலை செய்யும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்து நிழல் பொம்மைப் படங்கள் எடுத்த ஜெர்மானியர் லாட்டே ரைனிகரின் நினைவாக. 1926இல் முழுநீளப் படமே எடுத்தவர். உங்கள் போனில் உணவு டெலிவரி ஆப் காட்டும் ஓடும் ஸ்கூட்டர் ஒருவேளை லாட்டியில் செய்ததாக இருந்தால், அதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சினிமாக்காரியின் பெயர் ஒட்டியிருக்கிறது.

நான்காவதாக ஒலியைச் சொல்ல வேண்டும். டீக்கடையில், மீன் கடையில் பணம் வந்ததும் ‘இத்தனை ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும் பெட்டியைக் கவனித்திருப்பீர்கள். நான் பார்த்ததில் மிகச் சிறந்த இடைமுகங்களில் அது ஒன்று. மீன் அறுக்கும் கையைத் துடைத்துப் போனைப் பார்க்க வேண்டிய வேலையில்லை. திரைக்கு வெளியே இருந்து வரும் சத்தம் என்ன செய்யும் என்று சினிமாக்காரனுக்குத் தெரியும், திரையையே பார்த்து வளர்ந்த இடைமுகக்காரன் அதை மறந்துவிடுகிறான். இதற்கு மேல் ஒலி பற்றிச் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

இனி தமிழ் எழுத்து. இதில் நீங்கள் கட்டாயம் அடிபடுவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். சினிமா டைட்டிலுக்கு இன்னும் பலர் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறார்கள். பழைய மென்பொருள்களில் யூனிகோடு தமிழ் (ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் கொடுக்கும் முறை) உடைந்து, ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று சிதறும், அதனால் வந்த பழக்கம். பாமினியில் ‘அம்மா’ என்று தெரிவதன் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். டைட்டிலில் இதனால் ஒரு பாதகமும் இல்லை. ரெண்டர் ஆனதும் அது படம்தான், உள்ளே என்ன இருந்தால் யாருக்கென்ன. ஆப்பில் அதே எழுத்துருவைப் போட்டால் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பை வரும், பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் டாக்பேக் அதை அம்மா என்று படிக்காது, எம் கே என்று ஏதாவது உளறும். திரையில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்பது சினிமாவின் ஜீவன். இடைமுகத்தில் அது மோசடி. இனிமேல் யூனிகோடில் மட்டும் வேலை செய்யுங்கள். டைட்டில் உட்பட, பழக்கத்துக்காக.

தமிழின் உயரமும் ஒரு தொல்லை. ‘கீ’ மேலே வளைகிறது, ‘மூ’ கீழே தொங்குகிறது. ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் போட்டால் மேலோ கீழோ வெட்டுப்படும். ‘மூ’வின் கால் வெட்டுப்பட்டு ‘மு’வாக நின்றதை நானே இரண்டு தடவை வெளியிட்டிருக்கிறேன். நீளமும் அப்படித்தான். ‘சப்மிட்’டுக்குச் செய்த பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ எப்படி அடங்கும்? என் வழக்கம், பட்டனில் ‘அனுப்பு’ என்று வைப்பது. மரியாதைக் குறைவு என்று பல வாடிக்கையாளர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள். பட்டனில் பேசுவது யார் என்று கேட்டுப்பாருங்கள். பயனாளி இயந்திரத்துக்கு இடும் கட்டளை அது. இயந்திரத்துக்கு எதற்கு ‘வும்’? மேலே ‘உங்கள் பெயரை எழுதுங்கள்’ என்று வருவது இயந்திரம் பயனாளியிடம் பேசுவது, அங்கே மரியாதை வேண்டும். வசனம் யாருடையது என்று பார்ப்பது திரைக்கதைப் பாடம், இங்கே நேராக உதவுகிறது.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியவற்றில் பெரியது, கிளைகள். சினிமாவில் ஒரு காட்சிக்கு ஒரு முடிவு. ஆப்பில் நெட் இல்லை, பணம் போய்விட்டது ஆனால் டிக்கெட் வரவில்லை, ஓடிபி வரும்போது போன் வந்தது, பட்டியலில் ஒன்றுமே இல்லை, பட்டியலில் ஆயிரம் இருக்கிறது என்று பத்துப் பதினைந்து காட்சிகள். போர்ட்ஃபோலியோக்களில் எல்லோரும் நல்ல நாளை மட்டும் வரைந்துவைப்பார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் கெட்ட நாளைத்தான் தேடுவேன். அப்புறம் சில உறுதியான அளவுகள்: விரல் தொடும் இடம் ஆண்ட்ராய்டின் அளவு அலகில் 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு 4.5க்கு 1 இருக்க வேண்டும். வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் எதுவும் பளிச் பளிச் என்று மின்னக் கூடாது, வலிப்பு வரும் ஆபத்து உண்டு. இந்த மூன்றாவது விதியை டைட்டில் செய்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு முறை மீறுகிறோம். அசைவு சிலருக்குத் தலைசுற்றலே கொடுக்கும். 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7 வந்தபோது பின்னணி மிதப்பதும் பக்கங்கள் பாய்வதும் குமட்டுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். அசைவைக் குறைக்கும் அமைப்பு இப்போது எல்லா போனிலும் இருக்கிறது. நீங்கள் செய்த ஆப்பை அந்த அமைப்பைப் போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். அசைவு இல்லாமல் புரியவில்லை என்றால் அந்த வடிவமைப்பு அசைவில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

உறுதியாகச் சொல்ல முடிந்தது இதுவரை. இனி வருவது என் ஊகம், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ‘இரண்டும் செய்பவன்’ என்று அட்டையில் போட்டால் வேலை கிடைக்குமா? என் கண்ணில் பட்டவரை, வேலைக்கு எடுப்பவர்கள் ஒரு பெட்டியில் போட்டுத்தான் எடுக்கிறார்கள். உள்ளே போனபின்தான் இன்னொரு கை உதவுவது தெரிகிறது. ஒன்றைச் சொல்லி நுழைந்து மற்றதை அங்கே காட்டுவது எனக்குப் பலித்தது. பெரிய ஊர்களில், வெளிநாட்டில், வேறு மாதிரி இருக்கலாம். பணம்? சினிமாவில் ‘ரிலீஸ் ஆகட்டும், செட்டில் பண்ணிடலாம்’ என்ற வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள், எனக்கு அப்படி நின்றுபோன பாக்கி ஒன்று இன்னும் இருக்கிறது. இந்தப் பக்கம் மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறது, அதற்காக எல்லோருக்கும் அப்படி என்று சொல்லமாட்டேன். செயற்கை நுண்ணறிவு இரண்டு வேலையையும் தின்றுவிடுமா என்று அடுத்து கேட்பீர்கள். திரையை வரைவது மலிவாகிக்கொண்டிருக்கிறது, அது கண்கூடு. கவுண்டருக்குப் பின்னால் போய் நிற்பதை இன்னும் யாரும் மலிவாக்கவில்லை. பத்து வருடம் கழித்து எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

படிப்பதானால், இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் இடம் மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி. 1969இல் தொடங்கியது. அனிமேஷன், இன்டராக்ஷன் இரண்டுக்கும் அங்கே முதுகலை உண்டு, சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நான் அங்கே படித்தவன் இல்லை, வேலையில் அடிபட்டுக் கற்றவன். இரண்டு வருடம் ஒதுக்க முடியுமானால் படிப்பதே நல்லது. முடியாதென்றால் உங்கள் பேருந்து ஆப்பையே பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நான்கு வினாடியை எடுங்கள். பேருந்தைத் தூக்கிப் போட வேண்டாம், நன்றாக வரைந்திருக்கிறீர்கள். டிக்கெட் எடுத்து முடித்தபின், ஆள் பேருந்துக்காகக் காத்திருக்கும் பக்கத்தில் வைக்கலாம். அங்கே அவருக்கு நேரம் இருக்கிறது, பேருந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதையே அது காட்டலாம். அப்புறம் ஒரு மதியம் 1 மணிக்கு சென்னையில் கூட்டமான ஒரு பேருந்து நிலையத்துக்குப் போங்கள். ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலால் மட்டும், வெயில் நேராகத் திரையில் விழும்படி நின்று, தாம்பரத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துப் பாருங்கள். இளஞ்சாம்பல் பின்னணியில் வெள்ளையாக வைத்திருக்கிறீர்களே ‘செல்லும் இடம்’, அது அங்கே தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். பக்கத்தில் நிற்கும் யாராவது ஐம்பது வயதுக்காரரிடம் போனைக் கொடுத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாயைத் திறக்காமல், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஐந்து பேர் போதும். அந்தக் குறிப்பை இங்கேயே போட்டால் மறுபடி பார்க்கிறேன்.